நந்தி மலையைச் சுற்றி ஓடுவது

கோவையிலிருந்து வேலை மாறி பெங்களூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, கப்பன் பார்க்கில் சுற்றிச் சுற்றி ஓடி அலுத்துவிட்டது, 10 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மேடும் பள்ளமுமான கிராமத்துச் சாலை, பக்கத்தில் திராட்சைத் தோட்டம், வழியில் பழைய கோயிலோ கோட்டையோ இருக்கிற மாதிரி ஒரு பாதை இந்தப் பக்கம் உண்டா என்பது உங்கள் கேள்வி. உண்டு. ஊரிலிருந்து 60 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். தாத்தா பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க அந்தப் பந்தலுக்குக் கீழேதான். பெங்களூருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் தேவனஹள்ளி, தொட்டபல்லாபுரம், சிக்கபல்லாபுரம் என்ற மூன்று ஊருக்கும் நடுவில்தான் ஓடுகிறேன். நடுவில் நிற்கிறது நந்தி மலை, 1,478 மீட்டர். அதனால் ஓட்டம் பற்றிக் கொஞ்சமும் திராட்சை பற்றிக் கொஞ்சம் அதிகமாகவும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நந்தி என்றதும் எல்லோரும் மலை மேல் ஏறத்தான் நினைப்பார்கள். சைக்கிள்காரர்களுக்கு அது சரி. ஓடுகிறவருக்கு அந்தச் சாலையில் பெரிய சுகம் கிடையாது. விடாமல் ஏற்றம், வளைவுக்கு வளைவு கார், சூரிய உதயம் பார்க்க விடிவதற்கு முன்பே கிளம்பி வந்த பைக் கூட்டம். போதாததற்கு, நீங்கள் கேட்ட திராட்சைத் தோட்டம் ஒன்றுகூட மேலே இல்லை. எல்லாம் அடிவாரத்தில் இருக்கிறது. ஆகவே மலையைச் சுற்றி ஓடுங்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போயிருப்பீர்கள் அல்லவா? அதே மனநிலையில் வாருங்கள். மலை எப்போதும் ஒரு பக்கத் தோளில் இருக்கும், அதன் உருவம் மட்டும் அரை மணிக்கு ஒரு தரம் மாறும். இங்கேயும் ஆஷாட மாதத்தில் பக்தர்கள் மலையைக் கால்நடையாகச் சுற்றி வருகிற வழக்கம் உண்டு. நமக்கு முன்பே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஓட்டத்தை நந்தி கிராமத்தில், போக நந்தீஸ்வரர் கோயில் வாசலில் தொடங்குங்கள். வண்டி நிறுத்த இடம் உண்டு, பெரிய மரங்களின் நிழல் உண்டு. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்வெட்டில் பேர் வந்துவிட்ட கோயில் இது. நுளம்பர், பாணர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆளுக்கொரு கை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு சன்னதி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று போக நந்தீஸ்வரர், மற்றது அருணாசலேஸ்வரர். ஆமாம், நம் அருணாசலேஸ்வரர் பெயரேதான். இரண்டுக்கும் இடையில் உமா மகேஸ்வரர் சன்னதியும் அதன் முன்னால் கல்யாண மண்டபமும். அந்தக் கருங்கல் தூண்களில் கொடியும் இலையும் கிளியுமாகச் செதுக்கியிருப்பதை ஓடி முடித்துவிட்டு வந்து நிதானமாகப் பாருங்கள். வியர்வைச் சட்டையோடு உள்ளே போவதில் எனக்கே கூச்சம் உண்டு, அதனால் காரில் ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் எப்போதும் கிடக்கும். சோழர்கள் இந்தப் பகுதியைப் பிடித்து நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர் வைத்து ஆண்டார்கள். கோயிலுக்குள் இருக்கிற ஓர் அரச உருவத்தை ராஜேந்திர சோழன் என்று சொல்வார்கள். பக்கத்தில் சிருங்கி தீர்த்தம் என்ற படிக்கட்டுக் குளம். நான்கு பக்கமும் மண்டபம் சூழ்ந்திருக்கும். காலை ஆறரை மணிக்கு அதில் ஆள் நடமாட்டமே இருக்காது.

அந்தத் தீர்த்தம்தான் தென்பெண்ணையின் பிறப்பிடம் என்று ஐதீகம். தென்பெண்ணை, பாலாறு, வடபெண்ணை, அர்க்காவதி, சித்ராவதி, பாபக்னி எல்லாமே இந்த மலைகளையும் இவற்றை ஒட்டிய மேட்டு நிலத்தையும் தாயகமாகச் சொல்கிற ஆறுகள். ஓடும்போது செருப்புகூட நனையாத ஒரு வறண்ட ஓடையைத் தாண்டுவீர்கள். ஏதோ ஒரு வழியில் கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் கடலூருக்கும் தண்ணீர் கொண்டுபோகிற குடும்பம் இது என்று நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

கோயிலிலிருந்து என் வழக்கமான ஓட்டம் முழுச் சுற்று இல்லை, முத்தேனஹள்ளி போய்த் திரும்புவது. உங்கள் 10 கிலோமீட்டருக்கு ஏற்றபடி நீட்டவும் குறைக்கவும் முடியும். பிரதான சாலையை விட்டுக் கிராமத்துச் சாலைக்குள் இறங்கிவிட்டால் மலை பின்னால் தங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் ஏறும், அரை கிலோமீட்டர் இறங்கும், நடுவில் ஓர் ஏரிக்கரை. நில அமைப்பே இங்கே அலை அலையாகத்தான். கருங்கல் பாறைக் குன்றுகள், அவற்றுக்கிடையே செம்மண் சரிவு, சரிவின் அடியில் ஏரி. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே சிக்கபல்லாபுரம் பக்கத்து ஏரிகளை நிரப்புகிற திட்டம் வந்தபிறகு, முன்பு வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்த சில ஏரிகளில் இப்போது நாரையும் நீர்க்கோழியும் இருக்கின்றன. முத்தேனஹள்ளி, சர் எம். விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர். கிருஷ்ணராஜ சாகர் அணையோடு சேர்த்து நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர். 1955இல் பாரத ரத்னா, 1962இல் மறைவு. அவர் வீட்டை நினைவகமாக வைத்திருக்கிறார்கள், சமாதியும் ஊரிலேயே இருக்கிறது. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த மனிதரின் ஊரில் 5 கிலோமீட்டருக்கே மூச்சு வாங்குவது கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

சரி, திராட்சைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் பச்சைச் சரிவில் வரிசை வரிசையாக இடுப்பளவுக் கொடிகள், நடுவில் ஒரு பெண் ஓடுகிறார். ஐரோப்பாவில் அப்படித்தான். இங்கே பெரும்பாலும் பந்தல். கருங்கல் தூண் நட்டு, மேலே கம்பியைப் பின்னி, கொடியைத் தலைக்கு மேலே படர விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் கூரை தெரியும், அவ்வளவுதான். அழகு முழுக்க அதற்குக் கீழேதான். சாலையோரத்தில் கொஞ்சம் நின்று குனிந்து உள்ளே பாருங்கள். இலைகளின் வழியே ஒழுகிய வெயில் செம்மண்ணில் காசு காசாக விழுந்திருக்கும், கொத்துகள் தலைகீழாகத் தொங்கும், உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இந்தப் பகுதியின் பழைய ரகம் பெங்களூர் புளூ. கருநீலம், தடித்த தோல், கொட்டை உண்டு, மூக்கில் ஏறுகிற ஒரு தனி வாசனை. ஜூஸுக்கும் ஜாமுக்கும் ஒயினுக்கும் போகிறது. புவிசார் குறியீடு பெற்ற ரகம். வருடத்தில் இரண்டு முறை காய்க்கும். சந்தையில் நீளமான பச்சை நிறத்தில் வருவது தில்குஷ். அதுவும் இங்கே நிறைய. கம்பத்துப் பன்னீரோடு ஒப்பிட்டால் எது மேல் என்று கேட்காதீர்கள், நான் நடுநிலையோடு பதில் சொல்ல மாட்டேன்.

எப்போது போவது என்பதைக் கொடிதான் முடிவு செய்யும். குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் தானாகத் தூங்கும். நம் ஊர் வெயிலில் தூங்காது, அதனால் கிளைகளை வெட்டி, அதாவது கவாத்து செய்துதான் அதற்குப் பருவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒயின் திராட்சைக்கு வெயில் தொடங்கும் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, கிளை வளர்வதற்கு. மழை ஓயும் அக்டோபர் வாக்கில் இன்னொன்று, காய்ப்பதற்கு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை அறுவடை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் காலை, கவாத்து முடித்த ஒரு தோட்டத்தின் வேலியோரம் காலணிக் கயிறு கட்ட நின்றேன். இலை ஒன்றுகூட இல்லை. விரல் தடிமன் குச்சிகள் மட்டும் கம்பியில் கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு வெட்டு நுனியிலும் ஒரு சொட்டு நீர் திரண்டு, கனத்து, விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. வேர் தண்ணீரை மேலே தள்ளுகிறது, வாங்கிக்கொள்ள இலை இல்லை, அதனால் நுனி வழியே வெளியே வருகிறது. ஊரில் தாத்தா அதைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்வார், குளிர்ச்சியாம். நான் கை நீட்டப்போன நேரம் பின்னாலிருந்து ஓர் அம்மா சத்தம் போட்டார். கையில் உறையும் ஒரு சின்ன டப்பாவும். மொட்டு சீக்கிரம் விழிப்பதற்காக அந்தக் குச்சிகளில் மருந்து தடவிக்கொண்டே வந்திருக்கிறார். கையில் பட்டால் தோல் எரியும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கன்னடத்துக்குச் சமமாகத் தெலுங்கும் பேசுவார்கள், எனக்கும் எங்கள் ஊரில் காதில் விழுந்த தெலுங்கு கொஞ்சம் உண்டு. மன்னிப்பு கேட்டேன். எந்த ஊர், என்ன ரகம், கிலோ என்ன விலை என்று அரை மணி நேரம் போய்விட்டது. அன்றைக்கு ஓட்டம் 4 கிலோமீட்டரோடு சரி.

அதிலிருந்து இரண்டு விஷயம் பழகிக்கொண்டேன். ஒன்று, தோட்டத்துக்குள் கால் வைக்காமல் இருப்பது. வேலி இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய பிழைப்பு. இரண்டு, இலையில் நீலம் கலந்த வெள்ளைப் படிவு தெரிந்தால் சாலையின் மறுபக்கம் போவது. அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. மருந்து அடிக்கிற சத்தம் கேட்டால் திரும்பி வேறு வழி பிடித்துவிடுங்கள். பழுத்த கொத்து எட்டுகிற உயரத்தில் தொங்கினாலும் பறிக்காதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம், எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதது இன்னொரு பக்கம். பருவத்தில் சாலையோரத்திலேயே பெட்டியில் வைத்து விற்பார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

படத்தில் இருப்பது போல வரிசைக் கொடியேதான் பார்க்க வேண்டும் என்றால் ஒயின் தோட்டங்களுக்குப் போக வேண்டும். தொட்டபல்லாபுரத்துக்கும் தேவனஹள்ளிக்கும் இடைப்பட்ட சாலையில் ரகுநாதபுரத்தில் குரோவர் தோட்டம் இருக்கிறது. கன்வல் குரோவர் 1988இல் பிரெஞ்சு ரகங்களைக் கொண்டுவந்து நட்டு, 1992இல் முதல் ஒயினை வெளியே கொண்டுவந்தார். இந்தியாவில் பிரெஞ்சு ரகங்களை வைத்து ஒயின் செய்த ஆரம்பகாலத் தோட்டங்களில் ஒன்று. காபர்னே சாவிஞான், ஷிராஸ் எல்லாம் இங்கே விளைகிறது. முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுவார்கள். தோட்டத்துக்குள் ஓட விடமாட்டார்கள், வெளிச்சாலையில் ஓடிவிட்டு, குளித்து உடை மாற்றி, பகலில் உள்ளே போகலாம். ஒயின் சுவைத்துவிட்டு ஓடலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். வெறும் வயிற்றில், வியர்த்த உடம்போடு வேண்டாம், திரும்பும்போது வண்டி ஓட்டுகிறவர் நிச்சயமாக வேண்டாம்.

தேவனஹள்ளியை ஒரு தனிக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் குறைவு, பார்ப்பது அதிகம். 1501இல் மல்லபைரே கவுடர் மண்ணால் கட்டிய கோட்டை, பிறகு ஹைதர் அலி காலத்தில் கல்லாயிற்று. 1749இல் மைசூர்ப் படை இதை முற்றுகையிட்டபோது ஹைதர் அந்தப் படையில் இருந்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் திப்பு இங்கேதான் பிறந்தார். பிறந்த இடம் என்று கோட்டைக்கு வெளியே சின்னக் கல் மண்டபம் ஒன்றைக் காட்டுவார்கள். எளிதாகத் தவறவிட்டுவிடலாம், நான் முதல் தடவை தாண்டி ஓடிப்போய்விட்டேன். கோட்டைக்குள் இன்றும் தெருக்களும் வீடுகளும் வேணுகோபால சுவாமி கோயிலும் இருக்கின்றன. கோலம் போட்டுக்கொண்டிருக்கிற வாசல்களைத் தாண்டித்தான் ஓடுவீர்கள், அதனால் மெதுவாக ஓடுங்கள். 2008இல் விமான நிலையம் வந்தபிறகு ஊரைச் சுற்றியிருந்த பந்தல்கள் பல மனைப்பிரிவாகிவிட்டன. ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த சக்கோத்தா என்ற பம்பளிமாஸ் மரங்களையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திராட்சை பார்க்க இந்தப் பக்கம் வராதீர்கள்.

கொஞ்சம் வடக்கே ஆவதி என்ற சிற்றூர், மேலே ஒரு குன்றும் பெருமாள் கோயிலும். பெங்களூரைக் கட்டிய கெம்பே கவுடரின் முன்னோர் முதலில் வந்து தங்கிய ஊர் இது. அவர்கள் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு கொடியவனுக்குப் பயந்து இரவோடு இரவாகக் கிளம்பினார்கள் என்றும், வெள்ளம் பெருகி ஓடிய பாலாறு வழிவிட்டது என்றும் கதை சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவர்களில் நாம் முதல் ஆள் இல்லை போலிருக்கிறது. ஆவதிக்கு நெடுஞ்சாலை ஓரமாக ஓடிப்போக ஆசைப்படாதீர்கள், காரில் போய் இறங்கிக் குன்றை மட்டும் ஏறி இறங்குங்கள்.

தொட்டபல்லாபுரத்துக்கு அப்பால் காட்டி சுப்பிரமணியர் கோயிலும், ரயில் பாதையை ஒட்டி நிற்கிற மாகளிதுர்கா கோட்டைக் குன்றும் உண்டு. அந்தப் பக்கம் காட்டுத்தனம் அதிகம், திராட்சை குறைவு. குன்று ஏற வனத்துறையில் முன்பதிவு வேண்டும். டிசம்பர் வாக்கில் காட்டியில் மாட்டுச் சந்தை கூடும்போது போனால் ஓட்டத்தை மறந்துவிட்டு மாடு பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எனக்கு அப்படித்தான் ஆனது.

கப்பன் பார்க் தரைக்குப் பழகிய கால் இங்கே முதலில் திணறும். கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள். ஏற்றத்தில் பக்கத்தில் ஓடுகிறவரோடு நாலு வார்த்தை பேச முடிகிற அளவுக்கு மட்டும் போங்கள், முடியாவிட்டால் நடங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. தொல்லை தருவது இறக்கம்தான். காலை நீட்டி வைத்துத் தடதடவென்று இறங்கினால் அன்று ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் அலுவலகப் படிக்கட்டில் தொடை சொல்லும். அடியைக் குறுக்கி, அடிக்கடி கால் வைத்து இறங்குங்கள். முதல் மாதம் 6 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நாய்கள் உண்டு, பெரும்பாலும் தோட்டக் காவலுக்கு. ஓடுவதை நிறுத்தி நடந்தாலே பாதி நாய்க்கு ஆர்வம் போய்விடும். கல் குவாரி லாரிகள் ஏழு மணிக்கு மேல் அதிகமாகும், எதிரே வருகிற வண்டி கண்ணில் படுகிற மாதிரி வலது ஓரத்தில் ஓடுங்கள். தண்ணீரைக் கையிலேயே எடுத்துப் போங்கள், கிராமத்துப் பெட்டிக்கடை அந்த நேரத்துக்குத் திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை காலைக் குளிரும் மூடுபனியும் இருக்கும், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

இத்தனை சொன்னாலும் மலை மேலே ஒரு தடவை போகாமல் விடமாட்டீர்கள். போங்கள், ஆனால் சாலை வழியாக வேண்டாம். நந்தி கிராமத்தை ஒட்டிய சுல்தான்பேட்டையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கல்படிகள் ஏறுகின்றன. மேலே யோக நந்தீஸ்வரர். கீழே போகம், உச்சியில் யோகம் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரை கப்பனின் மாளிகையும் இருக்கிறது. நீங்கள் தினமும் சுற்றுகிற பார்க்குக்குப் பேர் கொடுத்தவரேதான். 1791 அக்டோபரில், ஏறவே முடியாது என்று நினைத்திருந்த, திப்புவின் வசமிருந்த இந்த மலைக்கோட்டையை ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை மூன்று வார முற்றுகைக்குப் பிறகு பிடித்தது. கடைசித் தாக்குதலை நடத்தியவர் அப்போது சென்னைக் கவர்னராக இருந்த மெடோஸ். படிகளில் நின்று கீழே பார்த்தால், பீரங்கியை எப்படி மேலே இழுத்தார்கள் என்ற கேள்வி முழங்காலோடு சேர்ந்து வலிக்கும்.

போக்குவரத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். உதயம் பார்க்கப் போகிற கூட்டத்தோடு, 2023இல் சிக்கபல்லாபுரம் பக்கத்தில் ஆதியோகி சிலை திறந்தபிறகு அந்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. சிவராத்திரியை ஒட்டிய தேர் நாளிலும் நந்தி கிராமத்தில் ஓட இடம் இருக்காது, தேர் பார்க்க மட்டும் போகலாம். கார் இல்லாவிட்டால் சிக்கபல்லாபுரம் ரயிலில் நந்தி ஹால்ட்டில் இறங்கலாம். குறுகிய பாதை ரயில் காலத்துக் கல் கட்டடம் அந்த நிலையம், கோயிலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ரயில் நேரம் அடிக்கடி மாறும், முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். காரில் வருவதானால் ஐந்தரைக்குள் ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டிவிடுங்கள், ஆறே காலுக்கு ஓடத் தொடங்கினால் எட்டு மணிக்குக் கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள். சாப்பாட்டுக்குச் சிக்கபல்லாபுரம் ஊருக்குள் போய்விடுங்கள், நெடுஞ்சாலைக் கடைகளைவிட அங்கே தட்டு இட்லி நன்றாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை நான் போகிறேன். வருவதானால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள், காரில் ஓர் இடம் இருக்கிறது.